குடுத்த வார்த்தைக்கு நாலு வரி: தறி பக்கத்துல உக்காந்து எழுதின அனுபவம்

வாட்ஸாப் குரூப்ல காலையில ஒரு வார்த்தை குடுப்பாங்க, ராத்திரிக்குள்ள அதுக்கு நாலு வரி கவிதையோ, ஒரு காட்சிய சில வாக்கியத்துல காட்டுற ஒரு குட்டி சொற்சித்திரமோ எழுதணும். இந்தப் பழக்கம் இப்போ நிறைய பேருக்கு இருக்கு, எனக்கும் ரொம்ப நாளா இருக்கு. தறி, சமையல், பசங்க, கணக்கு நோட்டு எல்லாத்துக்கும் நடுவுல இது ஒண்ணுதான் எனக்கே எனக்குன்னு இருக்கிற வேலை, அதனால இதைப் பத்தி கொஞ்சம் விவரமாவே சொல்லணும்னு ஆசை. நான் புரிஞ்சிக்கினது இதுதான்: குடுத்த வார்த்தைக்கு விளக்கம் எழுத உக்காந்தா கவிதை வராது, அந்த வார்த்தைய நம்ம தெருவுக்குக் கூட்டிக்கினு வந்து இங்க அது எங்க இருக்குன்னு தேடணும், தேடும்போது கூடவே ஒரு தடையும் வெச்சிக்கணும். தடை ரொம்ப முக்கியம். இதை எனக்குக் கத்துக்குடுத்தது தமிழ்க் கவிதை இல்ல, தெலுங்கு அவதானம், அதாவது மேடையில பல பேர் கேக்குறதுக்கு அங்கயே கவிதை கட்டிச் சொல்ற வித்தை.

நான் இருக்கிறது பொதட்டூர்பேட்டை. திருத்தணியில இருந்து பள்ளிப்பட்டு பக்கம் வரணும், கொஞ்ச தூரத்துல ஆந்திரா. 1960 ஏப்ரல் 1க்கு அப்புறம்தான் திருத்தணி பக்கமெல்லாம் இந்தாண்ட வந்துச்சு, அதுவரைக்கும் சித்தூர் மாவட்டம். அதனால இங்க சந்தையில, பஸ்ல, கல்யாண வீட்டுல ரெண்டு பாஷையும் ஓடிக்கினே இருக்கும். எங்க அக்காவை புத்தூர்ல குடுத்திருக்கு, அவங்க மாமனார் தெலுங்கு வாத்தியாரா இருந்து ரிடையர் ஆனவரு, நாங்க புத்தூர் மாமான்னு கூப்பிடுவோம். அவருதான் ஒரு தடவை எங்களையெல்லாம் அஷ்டாவதானம் பாக்கக் கூட்டிக்கினு போனாரு.

பாக்காதவங்களுக்காக சொல்றேன். மேடையில நடுவுல அவதானி உக்காந்திருப்பாரு, சுத்தி எட்டு பேரு, பிருச்சகர்னு பேரு, ஆளுக்கு ஒரு கேள்வி. ஒருத்தரு சமஸ்யா குடுப்பாரு, அதாவது கவிதையோட கடைசி அடிய மட்டும், அதுவும் கேட்டா தப்பா, அபத்தமா இருக்கும், முன்னாடி மூணு அடி பாடி அதை நியாயமாக்கணும். இன்னொருத்தரு தத்தபதி, சம்பந்தமே இல்லாத நாலு வார்த்தை குடுத்து, நாலும் வர்ற மாதிரி ஒரு பாட்டு கேப்பாரு. நிஷித்தாக்ஷரின்னு ஒண்ணு, அவதானி ஒவ்வொரு எழுத்தா சொல்லச் சொல்ல அடுத்து இந்த எழுத்து வரக்கூடாதுன்னு எதிர்ல இருக்கிறவரு மறிச்சிக்கினே இருப்பாரு. இதுக்கெல்லாம் நடுவுல அப்ரஸ்துத பிரசங்கம், சம்பந்தா சம்பந்தமில்லாம எதையாவது கேட்டு கவனத்தக் கலைக்கிறதுதான் அவரு வேலை. சில இடத்துல மணி வேற அடிப்பாங்க, எத்தன தடவை அடிச்சதுன்னு கடைசியில அவதானி சொல்லணும்.

எனக்கு ஆச்சரியமா இருந்தது இதுதான்: ஒரு பாட்டையும் அவரு ஒரே மூச்சுல முடிக்க மாட்டாரு. முதல் சுத்துல எல்லாருக்கும் ஒரு அடி. அடுத்த சுத்துல ரெண்டாவது அடி. இப்படி நாலு சுத்து. எல்லாம் முடிஞ்சதும் ஒரு காகிதமும் பாக்காம முழுப் பாட்டையும் திரும்பச் சொல்வாரு, அதுக்கு தாரணைன்னு பேரு. திருப்பதி வேங்கட கவுலு, அதாவது திவாகர்ல திருப்பதி சாஸ்திரி, செள்ளப்பிள்ள வேங்கட சாஸ்திரி, ரெண்டு பேரும் சேர்ந்து இதை ஊர் ஊரா கொண்டுபோனாங்கன்னு புத்தூர் மாமா சொன்னாரு. நம்ம பக்கமும் இது இருந்திருக்கு, நாகர்கோவில் கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலர் 1907ல சென்னை விக்டோரியா ஹால்ல சதாவதானமே, அதாவது எட்டுக்குப் பதிலா நூறு, பண்ணியிருக்காரு. ஈற்றடி குடுத்து வெண்பா கேக்குறது, காளமேகப் புலவர்கிட்ட இதை வெச்சுப் பாடு அதை வெச்சுப் பாடுன்னு கேட்டது, இதெல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதானே. அதனால தினம் ஒரு வார்த்தைங்கிறது இப்போ போன்ல வந்த புதுப் பழக்கம்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

வெளியில வரும்போது மாமாகிட்ட கேட்டேன், "எப்படி மாமா தடை போடப் போட இவருக்கு வருது?" அவரு சொன்னாரு, "தடை போட்டதாலதாம்மா வருது. முதல்ல வாயில வர்ற வார்த்தை எல்லாருக்கும் வர்ற வார்த்தை. அதை மூடிட்டா அடுத்ததைத் தேடணும் இல்ல?"

இதை அப்படியே எங்க குரூப்ல கொண்டு வந்தேன். சின்ன வாட்ஸாப் குரூப்தான், திருத்தணி, நகரி, அரக்கோணம்னு ஆளுங்க, முறை வெச்சு ஆளுக்கு ஒரு நாள் காலையில வார்த்தை குடுக்கணும். இப்போ வார்த்தை குடுக்கிறவங்களே தடையும் குடுக்கணும். காதல்னு தலைப்பு வந்தா காதல், இதயம், கண், நிலா நாலும் கூடாது. அம்மான்னு வந்தா அம்மாவும் தியாகமும் கூடாது. முதல் வாரம் எல்லாரும் திட்டினாங்க, ஆனா அந்த வாரத்துல வந்த கவிதைங்க இருக்கே, யாரோடது எதுன்னு பேரு பாக்காமலே சொல்ல முடிஞ்சது. அதுக்கு முன்னாடி அப்படி இருந்ததே இல்ல.

ஒண்ணை முழுசா காட்டுறேன். ஒரு நாள் வார்த்தை "நிசப்தம்". தடை: நிசப்தம், அமைதி, மௌனம், சத்தமின்மை, இரவு எதுவும் வரக்கூடாது. எங்க தெருவுல இதை எங்க போய்த் தேடுறது? வீட்டுக்கு வீடு பவர்லூம். காலையில ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் டக்கடக்குன்னு அடிச்சிக்கினே இருக்கும். இங்க பிறந்த குழந்தைங்க அந்தச் சத்தத்துலதான் தூங்கும், நின்னாதான் எழுந்துக்கும். எங்க தெருவுல யாருமே மெதுவா பேச மாட்டாங்க, பேசினா கேக்காது. கல்யாணமாகி வந்த புதுசுல எல்லாரும் என்கிட்ட கோவமா இருக்காங்கன்னே நினைச்சேன்.

அந்த வார்த்தைய மனசுல போட்டுக்கினு தார் மாத்திக்கினு இருந்தேன். தறி தெரியாதவங்களுக்கு: ஊடை நூல் சுத்தி நாடாவுக்குள்ள போற குச்சிதான் தார், அது தீந்துபோனா தறிய நிறுத்தி வேற தார் போட்டு திரும்ப ஓட்டணும், சில நிமிஷத்துக்கு ஒரு தடவை இந்த வேலை இருக்கும். அவதானி சுத்துக்கு ஒரு அடி சொன்னாரு இல்ல, நான் தாருக்கு ஒரு வரின்னு வெச்சிக்கினேன். ஒரு தார் ஓடி முடியிற வரைக்கும் ஒரே வரிய மனசுல உருட்டிக்கினு இருப்பேன், அடுத்த தார் போடும்போது அதை விட்டுட்டு அடுத்த வரிக்குப் போவேன். அப்போ கரண்ட் போச்சு. எல்லா வீட்டுலயும் ஒரே நேரத்துல தறி நின்னுடுச்சு. திண்ணையில இருந்து எங்க மாமனாரு வழக்கம்போல உச்சஸ்தாயியில கத்துறாரு, தெருவே திரும்பிப் பாக்குது, அவருக்குத் தெரியல.

கரண்ட் போச்சு
எல்லாத் தறியும் நின்னுடுச்சு
இன்னும் கத்திக்கினே கீறாரு மாமா
"தண்ணி கொண்டாம்மா"

இதுல நிசப்தத்தப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல, இருந்தாலும் படிக்கிறவங்களுக்கு அது கேக்குது. தடை இல்லாம இருந்திருந்தா நான் நாலாவது வரிக்கு அப்புறம் "அப்போதுதான் உணர்ந்தேன் அமைதியின் சத்தத்தை"ன்னு ஒண்ணு போட்டிருப்பேன், நல்லாத்தான் இருக்குன்னு நாலு பேரு சொல்லியும் இருப்பாங்க. மூணாவது வரியில "கீறாரு"ன்னு இருக்கிறத "இருக்கிறார்"னு மாத்தலாமேன்னு ஒருத்தர் கேட்டாரு. மாத்தினா அது எங்க தெரு இல்ல. நம்ம ஊர்ப் பேச்ச எழுத்துல வைக்க வெக்கப்பட வேண்டியதில்ல, அதே சமயம் முழுக் கவிதையும் கொச்சையாத்தான் இருக்கணும்னும் இல்ல. யாரு பேசுறாங்களோ அவங்க வாயில இருந்து வந்த மாதிரி இருந்தா போதும்.

தத்தபதிய வாரத்துக்கு ஒரு நாள் வெச்சிருக்கோம். நாலு வார்த்தை, அதுங்க ஒண்ணுக்கொண்ணு சொந்தமா இருக்கக்கூடாது. மலர், தென்றல், வண்டு, தேன்னு குடுத்தா எழுதுறதுக்கு முன்னாடியே கவிதை முடிஞ்சுபோச்சு. ஒரு தடவை வந்தது பால், ரசீது, மழை, செருப்பு. சொற்சித்திரத்துக்கு இந்த மாதிரி வார்த்தைங்கதான் நல்லா வரும், ஏன்னா நாலையும் ஒரே இடத்துல கொண்டுவந்து நிறுத்த ஒரு ஆள் வேணும், ஆள் வந்துட்டா கதை வந்துடும். அதுக்கு எழுதினது இது:

"மழைக்கு பால் சொசைட்டி திண்ணையில ஒதுங்கினோம். பால் ஊத்திட்டு வந்த பாட்டி ரசீத நாலா மடிச்சு, செருப்பக் கழட்டி, காலடியில வெச்சு திரும்ப மாட்டிக்கினா. நனைஞ்சுடாதா பாட்டின்னேன். நனைஞ்சா காய வெச்சுக்கலாம், இடுப்புல வெச்சா மருமவ பாத்துடுவான்னா."

இதுல நான் ரொம்ப நேரம் செலவு பண்ணது கடைசி வாக்கியத்துக்கு அப்புறம் ஒண்ணும் எழுதாம இருக்கிறதுக்குத்தான். பாட்டி எதுக்கு ஒளிக்கிறா, மருமவ நல்லவளா கெட்டவளா, பையன் என்ன பண்றான், எல்லாம் எழுதலாம்னு கை துறுதுறுங்கும். அத்தனையும் அந்த செருப்புக்குள்ள இருக்கு. சொற்சித்திரம் எழுதுறவங்களுக்கு என்கிட்ட ஒரே ஒரு கைவேலைதான் இருக்கு: எழுதி முடிச்சதும் கடைசி வரிய விரலால மறைச்சுட்டுப் படிச்சுப் பாருங்க. மறைச்சும் நல்லா இருந்தா வெட்டிடுங்க. பாதிக்கு மேல வெட்ட வேண்டியதா இருக்கும்.

அந்தப் பாட்டி யாரு, எந்த ஊர் சொசைட்டின்னு எழுதல, அடையாளம் தெரியிற ரெண்டு விஷயத்த மாத்தியிருக்கேன். தெருவுல பாத்தத எழுதுறவங்க இதுல கண்டிப்பா கவனமா இருக்கணும், நமக்கு அது நாலு வரி, அவங்களுக்கு அது குடும்பம். மாமனார் கவிதைய அவர்கிட்ட படிச்சுக் காட்டிட்டுத்தான் போட்டேன். "நான் கத்தவே இல்லியே"ன்னு கத்தினாரு.

தமிழ்ல இதுக்கு இன்னொரு வழி இருக்கு, அது சங்கக் கவிதையில இருந்து வர்றது. குறுந்தொகைப் பாட்டு பெரும்பாலும் நாலு அடியில இருந்து எட்டு அடிக்குள்ளதான், நம்ம போன் ஸ்கிரீன்ல ஒண்ணு முழுசா அடங்கும். அவங்க முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள்னு பிரிச்சு வெச்சிருக்காங்க இல்ல, அதை நான் எழுதுறதுக்கு முன்னாடி மூணு கேள்வியா கேட்டுக்குவேன். எந்த இடம், எந்த நேரம்? அங்க கண்ணுக்குத் தெரியிற ரெண்டு பொருள் என்ன? மனசுல என்ன? முதல் ரெண்டுக்கும் பதில எழுதுவேன், மூணாவத எழுத மாட்டேன். அது தானா வரணும்.

போன மழைக்காலத்துல ஒரு நாள் வார்த்தை "தூரம்". தடை: தூரம், பிரிவு, கிலோமீட்டர், வானம். ஆந்திரா பக்கம் கிருஷ்ணாபுரம் டேம் திறந்தா எங்க பக்கம் கொசஸ்தலை ஆத்துல தண்ணி வந்துடும், தரைப்பாலம் முழுகினா பள்ளிப்பட்டு பக்கம் சில ஊருங்க துண்டா நிக்கும். எங்க வீட்டுக்காரரு நூல் எடுக்கப் போனவரு அந்தாண்ட மாட்டிக்கினாரு.

தரைப்பாலம் முழுகிடுச்சு
அந்தாண்ட கரையில அவரு
இந்தாண்ட கரையில நான்
ரெண்டு பேர் கையிலயும் போன்
"சாப்ட்டியா?"

நாலாவது வரி தேவையில்லன்னு நகரி அக்கா சொன்னாங்க. ரெண்டு நாள் யோசிச்சேன். அந்த வரி இல்லன்னா தண்ணிச் சத்தத்துக்கு மேல கத்திக் கேக்குற மாதிரி ஆயிடும், எனக்கு வேண்டியது அது இல்ல, பக்கத்துல உக்காந்து கேக்குற குரல் வேணும். அதனால வெச்சுக்கினேன். குரூப்ல சொல்றது எல்லாத்தையும் கேக்கணும், எல்லாத்தையும் மாத்தணும்னு இல்ல, ஆனா ஏன் மாத்தலன்னு நமக்குக் காரணம் தெரியணும்.

குரூப் பத்தி சொல்லும்போது இதையும் சொல்லிடறேன். சூப்பர், அருமை, கைதட்டுற பொம்மை, இதெல்லாம் எங்க குரூப்ல கூடாதுன்னு வெச்சிட்டோம். படிச்சா எந்த வரி நின்னுச்சு, எந்த வரியில கண்ணு வழுக்கிக்கினு போச்சு, இந்த ரெண்டு மட்டும் எழுதணும். ஆரம்பத்துல சிலருக்குக் கஷ்டமா இருந்து விலகிப் போயிட்டாங்க, இருக்கிறவங்க எழுத்து நல்லா ஆயிருக்கு. தினமும் எழுதணும்னு கட்டாயம் இல்ல, ஆனா தினமும் படிச்சு ஒருத்தருக்காவது பதில் போடணும்.

வார்த்தை தேர்ந்தெடுக்கிறதுல எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. நம்பிக்கை, கனவு, வாழ்க்கை, சுதந்திரம், இந்த மாதிரி பெரிய வார்த்தை குடுத்தா தடை கண்டிப்பா வேணும், இல்லன்னா காலண்டர் பின்னாடி எழுதுற வாசகம்தான் வரும். ரேஷன் கார்டு போட்டோ, கடைசி பஸ், பாதி எரிஞ்ச ஊதுபத்தி, மாமியாரோட கண்ணாடிக் கூடு, இந்த மாதிரி கையால தொடக்கூடியது குடுத்தா தடையே வேணாம். ஜப்பான்காரங்க ஹைக்கூவுல காலத்தக் காட்டுற ஒரு சொல் இருந்தே ஆகணும்னு வெச்சிருக்காங்க, அதுவும் நல்ல பழக்கம். ஹைக்கூ பத்தி பாரதியாரு 1916லயே எழுதியிருக்காரு. அஞ்சு ஏழு அஞ்சுன்னு அசை எண்ணுறது தமிழ்ல எனக்கு ஒத்து வரல, காலச் சொல் மட்டும் எடுத்துக்கினேன். எங்களுக்கு அதுல பஞ்சமே இல்ல: ஆடிக் கிருத்திகைன்னு எழுதினா திருத்தணிக்குப் போற காவடியும் மஞ்சத் துணியும் கண்ணு முன்னாடி வந்துடும், மாங்கா லோடுன்னு எழுதினா ஜூன் மாசம். சித்தூர் பக்கம் தோத்தாபுரி மாங்கா கூழ் பேக்டரிக்குப் போற காலத்துல அக்கா வீட்டுக்குப் போனப்போ பாத்தத "காத்திருப்பு"ங்கிற வார்த்தைக்கு எழுதினேன்:

கூழ் பேக்டரி வாசல்ல
டிராக்டர் வரிசை
டிரைவர் தூங்குறாரு
மாங்கா பழுக்குது

புத்தூர் மாமாவுக்கு இதுதான் ரொம்பப் பிடிச்சது. விவசாயம் பண்றவரு இல்ல, அப்படியும் கடைசி வரியில "அய்யோ"ன்னாரு.

ஏப்ரல்ல மட்டும் நாங்க முப்பது நாளும் விடாம எழுதுவோம். மொரீன் தோர்சன்னு ஒரு அமெரிக்கக் கவிஞர் 2003ல தன் இணையப் பக்கத்துல ஆரம்பிச்சது அது, ஏப்ரல் மாசம் நாளுக்கு ஒண்ணா முப்பது கவிதை, இப்போ உலகம் பூரா எழுதுறாங்க. எங்களுக்கு அது உகாதியும் சித்திரை ஒண்ணும் வர்ற சமயம், பசங்களுக்குப் பரீட்சை முடியிற நேரம், வெயில் வேற. அந்த மாசத்துல நல்ல கவிதை வரும்னு எதிர்பாக்கக்கூடாது, பாதி சாதாரணமாத்தான் இருக்கும், ஆனா மே மாசம் எடுத்துப் பாத்தா திருத்தி வேலை செய்யிற மாதிரி ஏழெட்டு கண்டிப்பா இருக்கும். வருஷம் பூரா அப்படி ஓடுறது எங்களால முடியாது, தேவையும் இல்ல.

நேரம் இல்லன்னு சொல்றவங்களுக்கு அப்ரஸ்துத பிரசங்கம் நினைவு வெச்சிக்கச் சொல்வேன். அவதானிக்கு ஒருத்தர்தான் தொந்தரவு குடுக்கிறாரு, நமக்கு வீடு முழுக்க. குக்கர் விசில், பாவு அறுந்துபோச்சுன்னு கூப்பிடுறது, ஹோம்வொர்க், நூல் கடையில இருந்து போன். அதுங்க முடியட்டும்னு உக்காந்தா எழுதவே முடியாது. அதனால ஒரே வரிய மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, முழுக் கவிதையையும் வெச்சுக்க முயற்சி பண்ணாதீங்க. சாயங்காலத்துக்குள்ள எந்த வரி மறந்துபோச்சோ அது போகட்டும், மறக்காததுதான் வேணும். வாய்ஸ் டைப்பிங் எங்க தெருவுல வேலைக்கு ஆகாது, தறிச் சத்தத்துல அது என்னென்னமோ எழுதும். நான் நூல் கோன் வர்ற பெட்டி அட்டையில ஒரு துண்டு கிழிச்சு, பென்சில்ல நாலு வார்த்தை மட்டும் எழுதி இடுப்புல செருகிக்குவேன், ராத்திரி போன்ல தட்டிப் போடுவேன். அப்புறம் தேதி, வார்த்தை, தடை மூணும் போட்டு நோட்டுலயும் ஏத்திடுவேன். போன் தொலஞ்சா எல்லாம் போச்சு, அதனால நோட்டு கண்டிப்பா வேணும்.

நாளைக்கு வார்த்தை குடுக்கிறது என் முறை, தத்தபதி நாள். பஞ்சாயத்து டேங்க், பிளாஸ்திரி, பழைய பாஸ்புக், பூனை. கூடவே ஒரு தடை: "போல", "மாதிரி" ரெண்டும் வரக்கூடாது. நீங்களும் எழுதிப் பாருங்க, சொற்சித்திரம்னா ஆறு வாக்கியத்துக்குள்ள, கவிதைன்னா ஆறு வரிக்குள்ள.